குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் துணை: சிபாப், ஹை ஃப்ளோ, என்ஐபிபிவி – எதை, எப்போது?

29 வாரத்தில், 1,150 கிராம் எடையில் ஒரு குழந்தை பிறக்கிறது. அழுகிறது, நிறமும் மோசமில்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிகிறது, மூக்குத் துவாரம் விரிகிறது, ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் ஒரு முனகல் கேட்கிறது. மூச்சுக்குழாயில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைக்கும் அளவுக்கு நிலைமை போகவில்லை. அப்படியே விட்டுவிடவும் முடியாது. இந்த இடைவெளியில்தான் மூக்கு வழியாகத் தரும் மூச்சுத் துணைகள் வருகின்றன. சிபாப் (இடைவிடாத காற்றழுத்தம்), ஹை ஃப்ளோ (வேகமான காற்றோட்டம்), என்ஐபிபிவி (அழுத்தத்தின் மேல் அவ்வப்போது ஒரு தள்ளு), பைபாப் (இரண்டு நிலை அழுத்தம்) என்று பெயர்கள் பல. இந்தக் குழந்தைக்கு எது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூச்சுத் திணறலோடு பிறந்த குறைமாதக் குழந்தைக்கு முதல் தேர்வு சிபாப். ஹை ஃப்ளோ நல்ல இரண்டாம் தேர்வு. அதுவும் சிபாப் பக்கத்திலேயே தயாராக இருக்கும் இடத்தில் மட்டும். வென்டிலேட்டர் குழாயை எடுத்த பிறகும், சிபாபில் இருந்தும் அடிக்கடி மூச்சு நின்றுபோகும்போதும் என்ஐபிபிவி கைகொடுக்கும். இவற்றுக்கு இடையிலான வித்தியாசம் உண்மைதான். ஆனால் சரியாகப் பொருந்திய மாஸ்க்குக்கும் பொருந்தாத மாஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிது. கருவி வாங்கும் கூட்டத்தில் இதை யாரும் பேசுவதில்லை என்பதால், இந்தக் கட்டுரையில் மூக்குக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முனகல் ஏன் வருகிறது

நுரையீரலின் காற்றுப் பைகள் மூச்சை வெளிவிடும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அவற்றின் உட்பரப்பில் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான படலம் வேண்டும். 34, 35 வாரத்துக்கு முன்பு அது போதிய அளவில் இருப்பதில்லை. ஒவ்வொரு மூச்சிலும் பைகள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சில் அவற்றை மறுபடி பிரித்துத் திறக்க வேண்டும். புது பலூனை முதன்முதலில் ஊதுவதுதான் கடினம், பாதி ஊதிய பலூனை ஊதுவது எளிது. இந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் ஊதல். போதாததற்கு விலாக்கூடு இன்னும் குருத்தெலும்பாக, மெத்தென்று இருக்கிறது. உதரவிதானம் கீழே இழுத்தால் மார்பு விரிவதற்குப் பதிலாக உள்ளே குழிகிறது.

குழந்தை தானே கண்டுபிடித்த மருந்துதான் முனகல். குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை வெளிவிட்டால், பைகளுக்குள் கொஞ்சம் காற்று தங்கும். சிபாப் செய்வதும் இதையேதான்: மூச்சின் எல்லாக் கட்டத்திலும் 5 முதல் 8 செ.மீ. நீர் அளவுக்கு இடைவிடாத அழுத்தம். 1971இல் ஜார்ஜ் கிரிகரியும் சகாக்களும் 20 குழந்தைகளுக்கு இதைக் கொடுத்து, 16 பேர் பிழைத்ததைப் பதிவு செய்தார்கள். அதில் பெரும்பாலானவர்களுக்கு மூச்சுக்குழாய்க் குழாய் வழியாகத்தான் அழுத்தம் கொடுக்கப்பட்டது. மூக்கோடு நிறுத்திக்கொள்ளும் முறை அதன் பிறகு வளர்ந்தது.

சிபாப் போட்ட சில நிமிடங்களில் முனகல் நின்றால் அழுத்தம் உள்ளே சேர்கிறது என்று பொருள். மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய ஒலி இது. ஒரு எச்சரிக்கை: களைத்துப்போன குழந்தையும் முனகலை நிறுத்தும். நிறம், அசைவு, மூச்சின் வேகம் எல்லாம் சேர்ந்து தேறினால்தான் நல்ல அறிகுறி.

சிபாப்: தண்ணீர்க் குமிழியா, வென்டிலேட்டரா

அழுத்தத்தை உண்டாக்க மூன்று வழிகள் உண்டு. வென்டிலேட்டரையே சிபாப் முறையில் ஓட்டலாம். மூக்கருகே காற்றோட்டத்தை மாற்றி அழுத்தம் உண்டாக்கும் தனிக் கருவிகள் இருக்கின்றன. மூன்றாவது, வெளிமூச்சுக் குழாயின் நுனியைத் தண்ணீரில் மூழ்கவைக்கும் பபுள் சிபாப். குழாய் நுனி 6 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அழுத்தம் ஏறக்குறைய 6 செ.மீ. நீர். இதில் உடைந்துபோக வால்வு இல்லை, சரிபார்க்க மென்பொருள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரைகளில், மூச்சுத் திணறல் உள்ள குறைமாதக் குழந்தைக்கு சிபாப் தரவேண்டும் என்கிறது. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்குத் திணறல் இல்லாவிட்டாலும் பிறந்தவுடன் தொடங்குவதைப் பரிசீலிக்கலாம் என்றும், அழுத்தம் உண்டாக்கப் பபுள் முறையைக் கருதலாம் என்றும் சொல்கிறது.

தொடக்க அமைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: அழுத்தம் 5 அல்லது 6 செ.மீ., காற்றோட்டம் நிமிடத்துக்கு 5 முதல் 8 லிட்டர், காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் ஹ்யூமிடிஃபையரில் 37 டிகிரி, ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 முதல் 95 சதவீதத்துக்குள் நிற்கும்படி, காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் பிளெண்டரில் ஆக்சிஜன் அளவு. காற்றோட்டத்தைக் கூட்டினால் அழுத்தம் கூடும் என்று நினைத்துத் திருகுபவர்கள் உண்டு. பபுளில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஆழம். காற்றோட்டம் கசிவை ஈடுகட்டும் அளவுக்கு இருந்தால் போதும். மிதமான, விடாத குமிழி வரும் குறைந்தபட்ச ஓட்டமே சரியான ஓட்டம். தேவைக்கு மேல் கூட்டினால் குழாயின் தடையால் மூக்கில் சேரும் அழுத்தம் ஆழத்தைவிடக் கொஞ்சம் ஏறும், பாட்டில் கொதிக்கிற மாதிரி பொங்கும், வயிறு உப்பும்.

குமிழி நின்றால் எல்லாரும் ஓடி வருவார்கள். அதில் தவறில்லை. ப்ராங்ஸ் (மூக்கில் செருகும் இரட்டைக் குழல்) நழுவியிருக்கும், வாய் அகலத் திறந்திருக்கும், ஹ்யூமிடிஃபையர் மூடி இறுகாமல் இருக்கும். சரிபார்க்க எளிய வழி: மூக்கிலிருந்து எடுத்து ப்ராங்ஸை விரலால் அடைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு குழந்தை பக்கம். வராவிட்டால் கசிவு சர்க்யூட்டில், அதாவது குழாய் இணைப்புகளில்.

இதைவிட ஆபத்தானது குமிழி அழகாக வந்துகொண்டிருக்கும்போது குழந்தை மோசமாவது. ப்ராங்ஸின் துளைகள் சளியால் அடைபட்டிருந்தாலும், காற்று உள்மூச்சுக் குழாயிலிருந்து வெளிமூச்சுக் குழாய்க்கு நேராகப் போய்ப் பாட்டிலில் குமிழியை எழுப்பும். குமிழி என்பது சர்க்யூட்டில் அழுத்தம் இருப்பதற்குத்தான் சான்று. அது நுரையீரலைச் சேர்கிறது என்பதற்குச் சான்று மார்பின் ஏற்ற இறக்கமும் இரு பக்கமும் கேட்கும் மூச்சொலியும்தான்.

தண்ணீர் சம்பந்தமான இன்னும் இரண்டு தவறுகள். வெளிமூச்சுக் குழாயில் ஈரம் குளிர்ந்து தேங்கினால், அந்தத் தேக்கமும் ஒரு தடையாகி அழுத்தத்தை உயர்த்தும்; குழாய் குழந்தையிடமிருந்து பாட்டிலை நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பாட்டிலில் போய்ச் சேர்ந்தால் மட்டம் ஏறும், 6 என்று வைத்தது 7 ஆகும். பாட்டிலுக்கு வெளியே ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் மட்டத்தைப் பார்ப்பது ஐந்து நொடி வேலை.

மூக்குதான் போர்க்களம்

சிபாப் தோற்றது என்று எழுதப்படும் பல வழக்குகளில் தோற்றது பொருத்தம். குட்டைக் குழல் ப்ராங்ஸ், மூக்கு மாஸ்க், நீண்ட குழலுள்ள கேனுலா (மூக்கில் செருகும் மெல்லிய குழாய்) ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சமமல்ல. ப்ராங்ஸோடு ஒப்பிட்டால், மாஸ்க்கில் சிபாப் தோல்வியும் மூக்குக் காயமும் குறைவு என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. நீண்ட கேனுலாவை மாட்டுவது எளிது, குழந்தையும் அமைதியாக இருக்கும். ஆனால் குழலின் தடையாலும் மூக்கோரக் கசிவாலும் கருவியில் வைத்த அழுத்தத்தின் ஒரு பகுதி வழியிலேயே போய்விடும். திரையில் 6 என்று காட்டினால் குழந்தைக்கு 6 கிடைக்கிறது என்று நம்பக்கூடாது. அந்த வசதிக்காக அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் சிறு குழந்தைகளில் அடிக்கடி ஏமாறுகிறார்கள் என்பது எங்கள் கணிப்பு.

ப்ராங்ஸ் துவாரத்தை நிரப்ப வேண்டும், ஆனால் சுற்றியுள்ள தோல் வெளுக்கக்கூடாது. ஹட்சன் வகை ப்ராங்ஸில் 700 கிராமுக்குக் கீழ் 0, ஏறக்குறைய 1,250 கிராம் வரை 1, 2,000 கிராம் வரை 2, 3,000 கிராம் வரை 3, அதற்கு மேல் 4 என்பது பொது வழிகாட்டி. கடைசித் தீர்ப்பு மூக்கைப் பார்த்துத்தான். பயந்துபோய்ச் சிறிய அளவு போடுவது பொதுவான தவறு. சிறியது கசியும், கசிவை அடைக்க உள்ளே தள்ளுவார்கள், தள்ளினால் இரு குழலையும் இணைக்கும் பாலம் மூக்கின் நடுச்சுவரில் அழுந்தும், அங்கே புண் வரும். பாலத்துக்கும் மூக்கின் அடித்தோலுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி எப்போதும் தெரிய வேண்டும்.

தொப்பியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் முழு அமைப்பையும் தாங்குவது அதுதான். புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, காதை மடக்காமல் மூடி, கழுத்துப் பின்பக்கம் வரை இறங்க வேண்டும். தளர்ந்த தொப்பி மேலேறும், கூடவே ப்ராங்ஸையும் மேலே இழுத்து, மூக்கைப் பன்றி மூக்கு மாதிரித் தூக்கிவிடும். தோளுக்கடியில் மெல்லிய துணிச்சுருள் வைத்தால் கழுத்து மடங்காமல் இருக்கும். வாய்வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டு, அதன் வெளிமுனையைத் திறந்தே வையுங்கள். விழுங்கிய காற்று அப்படித்தான் வெளியேறும். சிபாபால் வயிறு உப்புவது சாதாரணம். உப்பிய வயிறு இறுகினாலோ, நிறம் மாறினாலோ, பித்தம் கலந்து வந்தாலோ, சிபாப் வயிறு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் குடலைப் பாருங்கள்.

ப்ராங்ஸையும் மாஸ்க்கையும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் போட்டால் அழுந்தும் இடம் மாறும். சளியைத் தேவைப்பட்டால் மட்டும் உறிஞ்ச வேண்டும். மணிக்கொருமுறை வழக்கத்துக்காக உறிஞ்சினால் உட்சவ்வு வீங்கி, இருந்த வழியும் அடையும்.

ஹை ஃப்ளோ: எளிமைக்குக் கொடுக்கும் விலை

சூடாக்கி ஈரப்படுத்திய காற்றை நிமிடத்துக்கு 2 முதல் 8 லிட்டர் வேகத்தில் மெல்லிய கேனுலாவில் அனுப்புவது ஹை ஃப்ளோ. மூக்கின் பின்பகுதியில் தங்கும் கரியமில வாயுவை அந்த ஓட்டம் அடித்துக்கொண்டு போகும், கொஞ்சம் அழுத்தமும் உண்டாகும். எவ்வளவு அழுத்தம் என்பதுதான் பிரச்சினை. கசிவு, வாய் திறப்பு, கேனுலா அளவு ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும், யாரும் அளப்பதில்லை. கேனுலா மூக்குத் துவாரத்தில் பாதிக்கு மேல் அடைக்கக்கூடாது. அடைத்தால் அளக்காத, கட்டுப்பாடில்லாத அழுத்தமாகிவிடும். சிபாபில் நிரப்ப வேண்டும், ஹை ஃப்ளோவில் நிரப்பக்கூடாது: ஒரே வார்டில் இரண்டையும் பயன்படுத்தும் இடங்களில் இந்த விதிகள் எளிதில் இடம் மாறிவிடும்.

நன்மைகள் கண்கூடு. மூக்குக் காயம் குறைவு, மாட்டுவது எளிது, முகம் தெரிகிறது, தாயின் மார்போடு அணைத்து வைப்பது சுலபம். செவிலியர்களும் பெற்றோர்களும் விரும்புகிறார்கள். (சிபாபிலும் மார்போடு அணைத்து வைக்கலாம், இரண்டு கை கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.)

இனி எண்கள். 2016இல் வெளியான ஹிப்ஸ்டர் ஆய்வில், 28 வாரமும் அதற்கு மேலும் ஆன 564 குழந்தைகளுக்கு முதல் துணையாக ஹை ஃப்ளோ அல்லது சிபாப் கொடுத்தார்கள். ஹை ஃப்ளோ 25.5 சதவீதம் தோற்றது, சிபாப் 13.3 சதவீதம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் குழாய் போட வேண்டி வந்தவர்கள் 15.5க்கு 11.5, புள்ளிவிவரப்படி இது உறுதியான வித்தியாசம் இல்லை. எப்படி? ஹை ஃப்ளோ தோற்ற குழந்தைகளுக்கு சிபாப் கொடுத்து மீட்டார்கள். 2019இல் வந்த ஹன்டர் ஆய்வு, உயர்நிலைத் தீவிர சிகிச்சை இல்லாத மருத்துவமனைகளில் 31 வாரமும் அதற்கு மேலும் ஆன 754 குழந்தைகளைப் பார்த்தது. அங்கும் கதை அதேதான்: ஹை ஃப்ளோ தோல்வி 20.5 சதவீதம், சிபாப் 10.2.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். 'குழாய் போடுவது ஏறக்குறைய சமம், ஆகவே ஹை ஃப்ளோ போதும்' என்பது ஒரு வாசிப்பு. 'தோல்வி இரண்டு மடங்கு, மீட்டது சிபாப்' என்பது இன்னொன்று. சிபாப் கருவி ஒன்று சும்மா நிற்கும் இடத்தில் முதல் வாசிப்பைப் பின்பற்றலாம். சிபாப் இல்லை, ஹை ஃப்ளோ மட்டும் இருக்கிறது என்ற இடத்தில் இரண்டாவதுதான் உண்மை. மீட்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கருவி வாங்கப் பணம் இருந்தால் அது சிபாபாக இருக்கட்டும் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

28 வாரத்துக்குக் கீழே முதல் துணையாக ஹை ஃப்ளோ வேண்டாம். குழாய் எடுத்த பிறகு 32 வாரத்துக்கு உட்பட்டவர்களில் அது சிபாபுக்கு ஓரளவு நிகராக நிற்கிறது என்று 2013இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆனால் அதே ஆய்வில் 26 வாரத்துக்குக் கீழே பிறந்தவர்களில் அது மிக அதிகமாகத் தோற்றது. தொடங்கினால் 6 லிட்டரில் தொடங்குங்கள், தேவைக்கேற்ப 8 வரை போகலாம். 8இலும் ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போனால், பொறுத்துப் பார்க்காமல் சிபாபுக்கு மாற வேண்டும்.

என்ஐபிபிவியும் அதன் உறவுகளும்

சிபாபின் அடிப்படை அழுத்தத்தின் மேல், வென்டிலேட்டர் அவ்வப்போது ஒரு தள்ளு தள்ளினால் அது என்ஐபிபிவி. அடிப்படை 5–6, உச்சம் 15 முதல் 20, நிமிடத்துக்கு 20 முதல் 40 தள்ளு, ஒவ்வொன்றும் 0.3 முதல் 0.5 நொடி என்பது வழக்கமான தொடக்கம். குழந்தையின் மூச்சோடு ஒத்துப்போகும்படி தள்ளினால் பலன் அதிகம். ஒத்துப்போகாவிட்டால் பாதித் தள்ளு மூடிய குரல்வளையில் மோதி வயிற்றுக்குப் போகும். ஆனாலும் சராசரி அழுத்தம் உயர்வதாலும், தள்ளு மூக்கைச் சீண்டி மூச்சைத் தூண்டுவதாலும் ஓரளவு பயன் இருக்கிறது.

குழாய் எடுத்த பின் மறுபடி குழாய் போட வேண்டிய நிலையை இது சிபாபைவிடக் குறைக்கிறது. வென்டிலேட்டர் வழியாக, ஒத்திசைவோடு கொடுக்கும்போது இந்தப் பலன் தெளிவாகத் தெரிகிறது. நுரையீரலின் நீண்டகால நோய் குறையுமா? 2013இல் வெளியான பெரிய ஆய்வில் 1,000 கிராமுக்குக் கீழே, 30 வாரத்துக்குக் கீழே இருந்த 1,009 குழந்தைகளில் மரணம் அல்லது நீண்டகால நுரையீரல் நோய் என்ஐபிபிவி பக்கம் 38.4 சதவீதம், சிபாப் பக்கம் 36.7. வித்தியாசம் இல்லை. குழாய் எடுக்கப்போகும் சிறு குழந்தைக்கும், சிபாபில் மூச்சு நின்று நின்று போகும் குழந்தைக்கும் இதைக் கொடுப்பது நியாயம். எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே கொடுத்து ஒரு வென்டிலேட்டரை முடக்கிவைப்பது நியாயமா என்பது, அந்த வார்டில் எத்தனை வென்டிலேட்டர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பைபாப் என்று சொல்லப்படும் இரண்டு நிலை அழுத்தம், பெயரில் என்ஐபிபிவிக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேலையில் சிபாபுக்குத்தான் பக்கம். இரண்டு நிலைகளுக்கும் நடுவே பொதுவாக 3, 4 செ.மீ. வித்தியாசம்தான். அதே சராசரி அழுத்தத்தில் சிபாப் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் கிடையாது. மூக்கு வழி அதிர்வு வென்டிலேஷன் கரியமில வாயுவை நன்றாக வெளியேற்றும். ஆனால் சளி கெட்டிப்படும், ஈரப்பதத்தில் கவனம் தேவை, கையாளத் தெரிந்த குழு வேண்டும். இது முதல் கேள்விக்கான விடை இல்லை.

கருவியைவிடப் பெரிய இரண்டு மருந்துகள்

எந்தக் கருவி என்று வாதாடும் நேரத்தில், மூச்சைத் தூண்டும் மருந்தான காஃபின் கொடுத்தாயிற்றா என்று கேட்க வேண்டும். காஃபின் சிட்ரேட் முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி., 24 மணி நேரம் கழித்து நாளொன்றுக்கு, கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. 2006இல் வெளியான காப் ஆய்வில், காஃபின் பெற்றவர்களில் நீண்டகால நுரையீரல் நோய் 36 சதவீதம், பெறாதவர்களில் 47. எந்த மூக்குக் கருவியும் இந்த அளவுக்கு வித்தியாசம் காட்டியதில்லை. கவனிக்க ஒன்று: 20 மி.கி. சிட்ரேட்டில் இருப்பது 10 மி.கி. காஃபின்தான். புட்டியில் எந்த உப்பில் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் டோஸ் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும்.

அடுத்தது சர்ஃபாக்டன்ட். சிபாப் 6 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் கேட்டால், 40, 50 வரை காத்திருக்காமல் கொடுக்கலாம் என்பது இப்போதைய ஐரோப்பிய வழிகாட்டல். சிபாபைக் கழற்றாமல், தானாக மூச்சுவிடும் குழந்தையின் மூச்சுக்குழாயில், குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் துணையோடு மெல்லிய கதீட்டரை நுழைத்து, ஓரிரு நிமிடத்தில் மெதுவாகச் செலுத்தி, கதீட்டரை எடுத்துவிடும் முறை பரவலாகிவிட்டது. சர்ஃபாக்டன்ட் வகைகளில் போராக்டன்ட் என்றால் கிலோவுக்கு 200 மி.கி., அதாவது 2.5 மி.லி.; பெராக்டன்ட் என்றால் 100 மி.கி., 4 மி.லி. அளவு கூடினால் மெல்லிய குழாயில் செலுத்த நேரமும் கூடும், பின்னோக்கி வழிவதும் கூடும். 2021இல் வெளியான ஆப்டிமிஸ்ட் ஆய்வில் 25–28 வாரக் குழந்தைகள் 485 பேர் இருந்தார்கள். மெல்லிய கதீட்டர் முறையில் மரணமும் நுரையீரல் நோயும் சேர்ந்த கணக்கு உறுதியாகக் குறையவில்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவது மட்டும் 10.2இலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்தது.

இந்தக் காற்றுக் கசிவை நினைவில் வைக்க ஒரு காரணம் உண்டு. 2008இல் வந்த காயின் ஆய்வில் 25–28 வாரக் குழந்தைகளுக்கு 8 செ.மீ. சிபாபில் தொடங்கியபோது கசிவு 9 சதவீதம், குழாய் போட்டவர்களில் 3. இறுக்கமான நுரையீரலில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதைவிட, சர்ஃபாக்டன்ட் கொடுத்து நுரையீரலை இளக்குவது நல்லது. சிபாபில் நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று செறிவு விழுந்து, இதயத் துடிப்பு குறைந்து, ஒரு பக்கம் மூச்சொலி மங்கினால், மார்பில் ஒளி பாய்ச்சிப் பாருங்கள். எக்ஸ்ரே வரும்வரை நிற்க வேண்டாம்.

பிளெண்டர் இல்லாத சிபாப்

ஆக்சிஜன் சிலிண்டரையும் பாட்டிலையும் இணைத்துத் தாமே செய்துகொள்ளும் பபுள் சிபாபில் அழுத்தம் சரியாகக் கிடைக்கலாம். ஆனால் போவது 100 சதவீத ஆக்சிஜன். குறைமாதக் குழந்தையின் விழித்திரைக்கு அது நேரடிக் கேடு. பிளெண்டர் இல்லாவிட்டாலும் அழுத்தப்பட்ட காற்று ஒரு வழியாகவும் ஆக்சிஜன் இன்னொரு வழியாகவும் வந்தால், இரண்டு ஃப்ளோ மீட்டரும் ஒரு இணைப்பும் போதும். கணக்கு எளிது: ஆக்சிஜன் லிட்டரை 100ஆலும் காற்று லிட்டரை 21ஆலும் பெருக்கிக் கூட்டி, மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். ஆக்சிஜன் 1, காற்று 7 என்றால் 31 சதவீதம். 2, 6 என்றால் 41. 4, 4 என்றால் 60.5.

செறிவு 90–95க்குள் நிற்க வேண்டும் என்பது ஆக்சிஜன் கொடுக்கும்போது. 85–89 என்ற குறைந்த இலக்கு வைத்த ஆய்வுகளைத் தொகுத்தபோது விழித்திரை நோய் குறைந்தது, ஆனால் மரணமும் குடல் அழுகலும் கூடின. அதனால்தான் இந்த வரம்பு. மேல் அலாரத்தை 100இல் வைத்துவிட்டுப் போவது அலாரமே இல்லாததற்குச் சமம். சாதாரணக் காற்றில் 98 இருந்தால் கவலையில்லை. 40 சதவீத ஆக்சிஜனில் 98 இருந்தால் உடனே குறைக்க வேண்டும்.

போதவில்லை என்று எப்போது ஒப்புக்கொள்வது

மூக்கு வழித் துணையின் மிகப் பெரிய ஆபத்து, அது தோற்றுக்கொண்டிருக்கும்போது விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. மூச்சுத் திணறலை அளக்கும் சில்வர்மன் மதிப்பெண்ணில் மார்பு மேற்பகுதியும் வயிறும் ஒத்து அசைதல், விலா இடைக் குழிவு, மார்பெலும்பு நுனிக் குழிவு, மூக்கு விரிதல், முனகல் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2. மொத்தம் 4ஐத் தாண்டினால் சிபாப் தொடங்கலாம். சிபாபில் இருந்தும் 7க்கு மேல் போனால் மூச்சு நின்றுபோகும் தறுவாய். கூடவே, சர்ஃபாக்டன்ட் கொடுத்த பிறகும் ஆக்சிஜன் தேவை 40 சதவீதத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போவது, ரத்தத்தில் பிஹெச் 7.2க்குக் கீழே போய் கரியமில வாயு 60–65 மி.மீ. தாண்டுவது, பை மாஸ்க் பிடித்து மீட்க வேண்டிய மூச்சு நிற்றல் மறுபடி மறுபடி வருவது: இவற்றில் ஒன்று வந்தாலே குழாய்க்குத் தயாராக வேண்டும். எண்கள் மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும். முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்களா என்பதுதான் முக்கியம்.

அதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை: ப்ராங்ஸ் மூக்கில் இருக்கிறதா, அடைப்பு இருக்கிறதா, கழுத்து மடங்கியிருக்கிறதா, வாய் திறந்திருக்கிறதா, குமிழி வருகிறதா, வயிற்றுக் குழாய் திறந்திருக்கிறதா. இதில் ஏதாவது கிடைத்தால் சரிசெய்து சில நிமிடம் பாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் கருவி பிழையில்லை, குழந்தைக்குக் கூடுதல் உதவி வேண்டும்.

சில குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே இந்த வழி கூடாது. உதரவிதானத்தில் துளை உள்ள குழந்தைக்கு மார்புக்குள் ஏறிய குடல் காற்றால் உப்பும். மூக்கின் பின்வழி அடைத்திருந்தால் அழுத்தம் உள்ளே போகாது. மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் இணைந்திருந்தால் வயிறு ஊதும். மூச்சுவிடும் முனைப்பே இல்லாத குழந்தைக்கு சிபாப் மூச்சு விட்டுத் தராது.

அந்த 29 வாரக் குழந்தைக்கு

பிரசவ அறையிலேயே டி-பீஸ் (கையால் பிடித்து அழுத்தம் தரும் கருவி) வழியாக 6 செ.மீ. அழுத்தம், அங்கிருந்து கழற்றாமல் வார்டுக்கு, மாஸ்க்கோடு பபுள் சிபாப், முதல் நாளிலேயே காஃபின். 30 சதவீதத்தைத் தாண்டினால் மெல்லிய கதீட்டரில் சர்ஃபாக்டன்ட். 26 வாரக் குழந்தையாக இருந்திருந்தால் இதே பாதையில் 6–8 செ.மீ. வரை போய், குழாய் போட்டு எடுக்க வேண்டி வந்தால் அடுத்ததாக என்ஐபிபிவி வைத்திருப்போம். 33 வாரம், 1,900 கிராம், லேசான திணறல் என்றால் ஹை ஃப்ளோவில் தொடங்கலாம், சிபாப் அடுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் தயாராக நின்றால் மட்டும். எடை குறைவு ஆனால் மாதம் நிறைந்த குழந்தையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 37 வாரத்தில் 1,800 கிராமோடு பிறந்த குழந்தைக்குத் திணறல் இருந்தால் சர்ஃபாக்டன்ட் குறைவு என்பதைவிடத் தொற்று, மலம் கலந்த நீரை உறிஞ்சியது, இதயக் கோளாறு ஆகியவற்றை முதலில் தேட வேண்டும். தராசு மூச்சைப் பற்றிச் சொல்வதைவிட வாரம் அதிகம் சொல்லும்.

எடுப்பதில் அவசரம் வேண்டாம். முதலில் ஆக்சிஜனை 21–25 சதவீதத்துக்கு இறக்கி, பிறகு அழுத்தத்தை ஒவ்வொரு செ.மீ.ஆக 5க்குக் கொண்டுவந்து, 24 மணி நேரம் மூச்சு நிற்றலோ குழிவோ இல்லாமல் இருந்தால் எடுக்கலாம். காலையில் மூன்று மணி நேரம் எடுத்து, மாலையில் மறுபடி போட்டு என்று பழக்கப்படுத்துவது தர்க்கமாகத் தோன்றும். ஒரேயடியாக எடுத்துப் பார்ப்பதைவிட அது நாட்களை நீட்டுகிறது என்றுதான் ஆய்வு சொல்கிறது. எடுத்த பிறகு முதல் இரண்டு நாள் எடை ஏற்றத்தைப் பாருங்கள். செறிவு நன்றாக இருந்தும் எடை ஏறாமல் நின்றால், பால் எல்லாம் மூச்சுக்கே செலவாகிறது. அந்தக் குழந்தைக்கு சிபாப் இன்னும் ஒரு வாரம் வேண்டும்.